நாற்பதில் சாமி வரும் கார்

அரசப்பனின் கார் நாற்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி போகும். நாற்பத்தொன்றில் அதற்குச் சாமி வந்துவிடும். முதலில் ஸ்டியரிங் உறுமும், பிறகு உதறும். ஐம்பதைத் தொட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, கையைத் தாங்கிய தோள், தோளில் உட்கார்ந்திருக்கும் தலை எல்லாம் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். எதிரே வருகிறவர்கள் அவர் தங்களைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதாக நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருமுறை அவருடைய பல்செட் கழன்று முன்பலகையில் விழுந்து, அங்கேயும் தனியாக ஆடியது.

அரசப்பன் மட்டும் ஆடியிருந்தால் யாரும் கதை எழுத வேண்டியதில்லை. அறுபது வயதில் அவர் எதற்கெல்லாமோ ஆடியிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி காளியம்மாள் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் விஷயம். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் தாராசுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். காலை ஏழு மணி அவளுடைய நேரம். பத்து நிமிடம் தாமதமானால் அடுத்த ஆளைப் படுக்கவைத்து விடுவார்கள். நாற்பதுக்குக் கீழே ஓட்டினால் நேரம் போய்விடும், போகாவிட்டால் பின்னால் வரும் மணல் லாரி மேலே ஏறிவிடும்.

போகும்போது அவள் ஆட்டத்தைத் தாங்கிக்கொள்வாள். ரத்தம் சுத்தமாகித் திரும்பும்போது உடம்பில் பிழிந்த துணியின் தெம்புகூட இருக்காது. ஊசி குத்திய இடது கையை வலது கையால் அணைத்தபடி வருவாள். மாசி மாதம் ஒருநாள் ஆட்டத்தில் கட்டு நழுவி, வீடு வந்து சேர்வதற்குள் மடி முழுக்க ரத்தம். இறங்கி நின்று புடவையைப் பார்த்துவிட்டு, "சாவுறது ஒண்ணும் பெரிசில்லீங்க. ஆடாம சாவணும்" என்றாள். அன்றிலிருந்து அரசப்பனுக்கு அரசாங்கத்திடமும் ஆண்டவனிடமும் கேட்க இருந்த மற்ற கோரிக்கைகள் எல்லாம் மறந்துபோயின. அந்த ஆட்டம் நின்றால் போதும்.

கார் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். அரசப்பனின் அப்பா வீரையன் பண்ணையாள். குத்தகை விவகாரம் முற்றிய வருஷத்தில் இரண்டு மா நிலத்துக்காக இரண்டு வெட்டு வாங்கினார். ஒன்று தோளில், ஒன்று இடுப்பில். மாவுக்கு ஒரு வெட்டு என்பது அந்தக் காலத்து நிலவரம். பட்டா வந்தபோது கையை நீட்ட முடியாமல் சம்சாரத்தை விட்டு வாங்கச் சொன்னார். அதே நிலத்தை நான்குவழிச் சாலைக்கு எடுத்தபோது அரசப்பனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு கையெழுத்தோடு முடிந்தது. நாகரிகம் அவ்வளவு வளர்ந்திருந்தது. வந்த இழப்பீட்டில் கார்த்திகை மாதம் வாங்கியதுதான் கார். வாரத்துக்கு ஆறு தடவை அவர் தன்னுடைய வயல் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். நெல் விளைந்தபோது அந்த நிலம் ஆடியதில்லை.

மூன்று வருஷ வாரன்ட்டி இருந்தது. ஆகவே தை மாதமே அவர் காரை விற்ற நீலாம்பாள் மோட்டார்ஸுக்குப் போயிருந்தார்.

நீலாம்பாள் மோட்டார்ஸ் புறவழிச் சாலையில் இருந்தது. முதலாளி இராஜாங்கம், அம்மா பெயரில் நடத்தினார். அவர் எப்போதும் ஆளுங்கட்சி. ஆட்சி மாறினால் அவரும் மாறிவிடுவார். அதனால் அவரைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் இதுவரை ஆட்சி மாறியதே கிடையாது. வாசலில் முப்பதடி ஃபிளெக்ஸில் 'வாடிக்கையாளரே எங்கள் வாழ்வு' என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார். உள்ளே நுழைந்ததும் ஒரு ரோஜாப்பூவும் ஒரு தம்ளர் பாதாம் பாலும் கொடுத்தார்கள். வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏசிக்குள் ரோஜாவோடு நின்ற அரசப்பனுக்குத் தனக்கு மறுபடியும் கல்யாணம் ஆகிறதோ என்று சந்தேகமாக இருந்தது.

குறைகேட்கும் தியாகு கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர். காரை நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்தார். ஐம்பதில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் வழியாகப் பறந்து போய்ப் பின்னால் வந்த பஸ்ஸில் அரைபட்டது. ஐம்பத்தைந்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஷோரூமுக்குத் திரும்பி இறங்கும்போது தாடை வழியாக ரத்தம் வழிந்து கழுத்துப்பட்டையில் சொட்டியது.

கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு, "அப்படி ஒண்ணும் தெரியலியே சார்" என்றார்.

பிறகு எழுதினார்: 'வாடிக்கையாளருக்கு அதிர்வு இருப்பது போன்ற எண்ணம்.' வயதானவர்களுக்குக் கை நடுங்குவது உண்டென்றும், கம்பெனி வண்டி நடுங்குவது கிடையாதென்றும், ஆகவே கை நடுக்கம் இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றும் மரியாதையாகச் சொன்னார்.

டாக்டர் அரசப்பனைக் கையை நீட்டச் சொல்லி, அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். காகிதம் அசையவில்லை. எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது முறை பாதாம் பாலில் சர்க்கரை குறைவாக இருந்தது. பட்டறை மேனேஜர் சிங்காரவேலு சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வண்டியைத் தூக்கச் சொன்னார். மெக்கானிக் அப்துல் மஜீது காரைத் தூக்கி, முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். சக்கரம் குடித்தவன் போல் போயிற்று.

"சக்கரம் மாட்டுற ஹப்பே கோணலா வார்த்து வந்திருக்குண்ணே" என்றார் மஜீது. "வேற மாட்டினா நாப்பது நிமிஷ வேலை."

சிங்காரவேலு மஜீதின் தோளில் அன்பாகக் கைபோட்டு மூன்று அடி தள்ளி அழைத்துப்போய், ஓங்கி ஓர் அறை விட்டார். டயர் அடுக்கின் மேலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. திரும்பி வந்து அரசப்பனிடம் கை குவித்தார்.

"மன்னிக்கணும் சார். எங்க ஆளு கஸ்டமர் முன்னாடி காரணத்தைச் சொல்லிட்டாரு."

காரணத்தைச் சொல்லும் அதிகாரம் சென்னையில் இருக்கிறதாம். இங்கே காரணம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர்கள் வேலையாம். கோணல் என்று ஒரு வார்த்தை கம்பெனிப் படிவத்திலேயே கிடையாதாம். மஜீது கன்னத்தைத் தடவியபடி அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். தியாகுதான் அரசப்பனைத் தனியாக அழைத்து அந்த இடத்து முறையை விளக்கினார். சென்னையிலிருந்து முதலாளியைத் திட்டுவார்கள். முதலாளி மேனேஜரை அறைவார். மேனேஜர் தியாகுவை அறைவார், தியாகு இல்லாவிட்டால் மஜீதை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதில்லை. இங்கே மேலே திறக்கிற அறை மட்டும் ஒரு சொட்டுக் குறையாமல் கடைசி ஆள் வரைக்கும் வந்து பாய்ந்தது.

சிங்காரவேலு மறுபடி வந்து, வண்டியை எதன் மேலாவது ஏற்றியது உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார். இங்கேதான் அரசப்பன் தப்பு செய்தார். பொய் சொல்லிப் பழகியிருந்தால் அவர் எப்போதோ முன்னேறியிருப்பார்.

பங்குனியில் டெல்டாவில் உளுந்து அறுத்து, செடியைத் தார்ச் சாலையில் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடித்து மணி உதிரும். பரப்பியதைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போகிற வண்டிக்காரனை அந்த ஊர்களில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். மங்களாம்பிகை என்ற சொந்தக்காரி வேண்டிக் கேட்டாள் என்று அரசப்பன் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, பின்பக்கமாக ஒரு தடவை ஏற்றிக் கொடுத்திருந்தார். அதைப் பெருமையாகவே சொன்னார்.

சிங்காரவேலு எழுதினார்: 'கார் கதிரடிக்கும் இயந்திரமாகப் பயன்படுத்தப்பட்டது.' காரின் வயிற்றிலிருந்து நான்கு உளுந்தஞ்சருகை இடுக்கியால் எடுத்து, பொட்டலம் கட்டி முத்திரை வைத்தார். கொலைக்கேசில் கத்தியைக்கூட அவ்வளவு பயபக்தியோடு எடுத்திருக்க மாட்டார்கள். இந்தக் கார் விவசாயக் கருவி அல்ல என்று வேளாண்மை அலுவலகத்திலும், சாலைக்குக் கீழே இருக்கும் பூமி ஆடவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதி வாங்கி வரவேண்டியது.

வேளாண்மை அலுவலர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கதிரடிக்கும் இயந்திரம் என்று எழுதினால் மானியம் கிடைக்கும், அப்படியே எழுதவா என்று ஆசைகாட்டினார். அரசப்பன் கண்ணீர் வராத குறையாக மறுத்துத்தான் சான்றிதழ் வாங்கினார். கிராம நிர்வாக அலுவலர் சிட்டாவைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். நிலம் கைமாறியதை யாரும் இன்னும் பதியவில்லை. சாலைக்கு அடியில் இருக்கும் இரண்டு மா இப்போதும் அரசப்பன் பெயரில்தான் இருந்தது.

"ஒங்க நிலம் ஆடுதா ஆடலியான்னு நாங்க எப்படிச் சொல்றது? நீங்கதான் எழுதித் தரணும்" என்றார்.

அரசப்பன் மரத்தடியில் உட்கார்ந்து தன் கைப்பட எழுதினார்: 'எனது நிலம் ஆடாது. என் தகப்பனார் வெட்டுப்பட்டு அதில் விழுந்தபோதும் ஆடவில்லை.' எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சிங்காரவேலு அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனுதாரரே நிலத்துக்கும் சொந்தக்காரராக இருப்பதால் சாட்சி செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குப் பாதாம் பால் கிடையாது. ரோஜா மட்டும்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நீலாம்பாள் மோட்டார்ஸின் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று தேன் ஒழுகக் கேட்டாள். அரசப்பன் நியாயமாக யோசித்தார். ரோஜாவுக்கு ஒன்று, பாதாம் பாலுக்கு ஒன்று. இரண்டு என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நீலச் சட்டையின் முதுகில் 'வாடிக்கையாளர் உறவுப் பிரிவு' என்று அச்சடித்திருந்தது. செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். காளியம்மாளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஒருவன் அரசப்பனின் அடிவயிற்றில் முழங்காலால் ஓர் இடி இடித்தான்.

"எத்தனை மார்க்கு சார்?"

மூச்சு திரும்பி வந்ததும் அரசப்பன் இரண்டு என்றார். வீரையனின் பிள்ளை அல்லவா. சக்கரத்தைக் கழற்றும் ஸ்பானரை எடுத்தார்கள். அதில் கம்பெனி முத்திரை இருந்தது, அசல் சாமான். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் 'சார்' என்றார்கள், அடித்தபின் 'நன்றி' என்றார்கள். முழங்காலில் விழுந்த அடிக்கு அவர் மூன்று கொடுத்தார். விலா எலும்பு ஒன்று மொச்சைக்காய் மாதிரி முறிந்தபோது ஐந்துக்கு வந்தார். வலது முன்கை உடைந்தபோது எட்டு. எட்டோடு நின்றுவிட்டார். மேற்கொண்டு உடைக்க நல்ல எலும்பாக இல்லை என்பதும் ஒரு காரணம். ரத்தம் தரையில் ஓடிக் கோலமாவு டப்பாவைச் சுற்றிக்கொண்டு போனது.

தலைவன் போலிருந்தவன் களைத்துப்போய் வேர்வையைத் துடைத்தான். அவன் கண் கட்டிலோரம் நின்ற காளியம்மாளின் இடது கை மேல் விழுந்தது. ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்த கை. அந்தக் கை போனால் மெஷின் இல்லை, மெஷின் போனால் அவள் இல்லை.

"அக்காவுக்குக் கையில என்ன சார்?" என்று ஸ்பானரை மாற்றிப் பிடித்தான்.

"பத்து" என்றார் அரசப்பன்.

அவர்கள் போனில் பதிந்துகொண்டு, நன்றி சொல்லி, சொம்பின் பக்கத்தில் ஒரு ரோஜாவை வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது, எட்டிலிருந்து நேராகப் பத்துக்கு வந்த வாடிக்கையாளரை இந்த வட்டாரத்திலேயே பார்த்ததில்லை என்று பாராட்டினார்கள்.

பத்துக்குப் பத்து கொடுத்தவர்களைச் சென்னை அதிகாரி நேரில் பார்க்க விரும்பினார். புதன்கிழமை ஷோரூமில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி விழா'. கட்டு போட்ட கையோடு அரசப்பனால் ஓட்ட முடியாமல் அன்றைய காலை நேரம் தவறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சியதில் மதியம் பன்னிரண்டரைக்கு மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விழா முடிந்ததும் நாங்களே கொண்டுபோய் விடுகிறோம் என்று தியாகு வந்து காரோடு இருவரையும் அழைத்துப் போனார். வழியெல்லாம் கார் ஆடியது. முறிந்த விலாவோடு ஆடுவது தனி அனுபவம் என்று அரசப்பன் கண்டுகொண்டார். காளியம்மாளின் முகம் ஊதிப்போய், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவளைப் பட்டறைக்குள் காரின் பின்சீட்டிலேயே மின்விசிறிக்குக் கீழே விட்டுவிட்டு, அவரை மேடைக்குக் கொண்டுபோனார்கள். உடைந்த கை தெரியாதபடி பொன்னாடை போர்த்தினார்கள்.

இராஜாங்கம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"வண்டி வாங்கிய வள்ளல்களே, வாங்க வந்திருக்கும் வாலிபச் சிங்கங்களே! எங்க தாத்தா காலத்துல இந்த மண்ணுல என்ன நடந்தது? கேள்வி கேட்டவனுக்குச் சாணிப்பால், சவுக்கடி. அந்த ஆதிக்கத்தை எதிர்த்துப் புறப்பட்டவன் இந்த இராஜாங்கம். இன்னைக்கு இங்க வந்து கேள்வி கேக்குறவருக்கு நான் என்ன தர்றேன்? முதல்ல பாதாம் பால். மத்ததெல்லாம் பிறகுதான்."

கைதட்டினார்கள். அவருக்குக் குரல் ஏறியது.

"அன்னைக்குச் சேரியில இருந்தவனை மட்டும் அடிச்சாங்க. இங்க அந்தப் பேதம் உண்டா? மெக்கானிக்கா, மேனேஜரா, வண்டி வாங்கினவரா, எல்லாருக்கும் ஒரே கை, ஒரே அறை. இதுதான் நான் கண்ட சமத்துவம்!"

சிங்காரவேலு அனிச்சையாகக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். சென்னை அதிகாரி அரசப்பன் பக்கம் குனிந்து, உங்கள் காரின் குறை தீர்ந்ததா என்று ஆங்கிலம் கலந்து விசாரித்தார்.

"பத்து" என்றார் அரசப்பன். வீங்கிய வாயில் அந்த ஒரு வார்த்தைதான் தடையில்லாமல் வந்தது.

அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

அந்த நேரத்தில் பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஷோரூமின் பின்னால் வண்டிகளை ஓட்டிப் பார்க்க இராஜாங்கம் ஒரு சிமெண்டுத் தடம் போட்டிருந்தார். அது அதற்கு முன் பாசன வாய்க்காலாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியும் தங்கள் வயலுக்குச் சொட்டும் வராத நாற்பது குடும்பத்துக்காரர்கள், பெட்டிஷன் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்து, அன்று மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். உறவுப் பிரிவு ஸ்பானரோடு ஓடியது. ஒரு மண்டை உடைந்தது, பிறகு பல. பிளாஸ்டிக் நாற்காலிகள் கொக்குக் கூட்டம் போலப் பறந்து வந்தன. ஷோரூம் கண்ணாடி முழுக்க ஒரே சத்தத்தில் இறங்கியது. போலீஸ் வந்து தடியால் யாரைப் பார்த்தாலும் அடித்தது. இராஜாங்கம் சொன்ன சமத்துவம் அப்போதுதான் முழுமையாக மலர்ந்தது. 'நான் சென்னை' என்று கத்திய அதிகாரிக்கும் முட்டியில் விழுந்தது. முப்பதடி இராஜாங்கம் கும்பிட்டபடியே சரிந்து, நிஜ இராஜாங்கத்தின் மேல் விழுந்து அவரை மூடினார்.

அரசப்பனுக்கு ஒரே நினைப்பு. பன்னிரண்டரை. மேடைக்கு அடியில் புகுந்து, உடைந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஊர்ந்து பட்டறைக்குள் போனார். நடுவில் யாரோ அவர் முதுகில் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கார் அந்தரத்தில் நின்றது. முன்சக்கரம் கழன்று கிடந்தது. உள்ளே காளியம்மாள் ஜாக்கியின் மேல் உற்சவ அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கீழே அப்துல் மஜீது. நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், காட்சிக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்த புத்தம் புதுக் கார் இடது முன்கால் இல்லாமல் சாய்ந்திருந்தது.

"அதுலேருந்து எடுத்தேண்ணே" என்றார் மஜீது. "எவனும் பாக்கல. எல்லாரும் அடிக்கிறதுல பிஸி."

ஒரு செங்கல் பறந்து வந்து சுவரில் பட்டுச் சிதறியது. மஜீது சட்டைக் கையால் ஹப்பின் மேல் சொட்டிய ரத்தத்தைத் துடைத்துவிட்டு போல்ட்டை முடுக்கினார். அரசப்பனால் ஒரு கையால் உதவ முடிந்தது, போல்ட்டுகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது போல்ட்டில் சிங்காரவேலு உள்ளே ஓடிவந்தார். காதோரம் கிழிந்து தொங்கியது. நின்று பார்த்தார். மாலை போட்ட வண்டியைப் பார்த்தார், மஜீதைப் பார்த்தார், பின்சீட்டில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த காளியம்மாளைப் பார்த்தார். மஜீது கன்னத்தைத் தயாராகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"வண்டி வந்ததுக்கு ஜாப் கார்டு போட்டாச்சா?" என்றார் சிங்காரவேலு.

"இல்ல சார்."

"அப்ப இந்த வண்டி இங்க வரவே இல்ல." காதைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டார். அந்த இடத்தில் ஏழு மாதத்தில் அரசப்பனுக்குக் கிடைத்த முதல் சேவை அதுதான்.

நாற்பது நிமிடம் என்றது முப்பத்தைந்தில் முடிந்தது. மஜீது ஓட்ட உட்கார்ந்தார். அரசப்பன் பின்சீட்டில் மனைவியின் பக்கத்தில். இடிந்த சுவர் வழியாகக் காரை வெளியே விட்டபோது ஒரு போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் பின்கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினார். அது நொறுங்கிப் போனது. பிறகு தஞ்சாவூர் சாலை.

முப்பது. நாற்பது. அரசப்பன் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நாற்பத்தொன்று. ஐம்பது. அறுபது. ஒன்றும் இல்லை. வண்டி எண்ணெய் தடவிய மாதிரி போயிற்று. உடைந்த கண்ணாடி வழியாக வெறும் காற்று வந்தது.

காளியம்மாளின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. கை, தோள், கன்னம், எதுவும் அசையவில்லை. ஏழு மாதமாக அந்தக் காரில் அவள் அசையாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

"பாய், ஆடல" என்றார்.

"அதான் மாத்திட்டேனேண்ணே."

"வண்டி இல்ல பாய். இவ."

மஜீது கண்ணாடியில் பார்த்தார். ஆக்சிலரேட்டரை மிதித்தார். அரசப்பன் உடையாத கையின் இரண்டு விரலை மெதுவாகக் கொண்டுபோய் அவள் மூக்குக்கு நேராக வைத்தார். வெளிக்காற்றில் எது மூச்சு என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்தார்.

"ரத்த நாத்தம். கைய எடுங்க" என்றாள் காளியம்மாள், கண்ணைத் திறக்காமல். "இப்பதான் தூக்கம் வருது."

அரசப்பன் கையை எடுத்தார். ஒரு பெருமூச்சு விடப் பார்த்தார். விலா எலும்பு இடம் கொடுக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எம்பதுல போ பாய்" என்றார்.